கடைசிப் பெஞ்சில் உபாத்தியாயர்

உபாத்தியாயர் வேலைக்குப் பயில்கிறவர் முதல் நாளே கரும்பலகை முன் நின்று முழங்க வேண்டுமென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பின்லாந்து தேசத்து வழக்கம் வேறு. அங்கே யூவாஸ்கூலா நகரில் 1863-ஆம் வருஷம் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை ஏற்பட்டது. இன்றும் சர்வகலாசாலைகள் பயிற்சிக்கென்றே பள்ளிக்கூடங்கள் நடத்துகின்றன.

அங்கு பயிலச் செல்லும் நம் தேசத்து இளைஞர், முதல் நாள் பெரும்பாலும் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து கவனிப்பதோடு சரி. குழந்தைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லியே அழைப்பார்கள். அவருக்குத் தூக்கிவாரிப் போடும். மரியாதை எங்கே என்று தேடுவார். பொறுத்துக் கவனித்தால் அது வேறிடத்தில் அகப்படும். "எனக்கு விளங்கவில்லை" என்று ஒரு குழந்தை அச்சமின்றிச் சொல்லும். ஆசிரியர் முகம் சுளிக்காமல் மறுபடி தொடங்குவார்.

பெயர் சொல்லி அழைப்பது கிடக்கட்டும். அந்தத் துணிவு நம் குழந்தைகளுக்கும் வேண்டுமல்லவா?