அன்னையரின் அயர்வு

ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலே பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வண்டி காலையிலேயே வந்துவிடுகிறது. ஏறுவோரில் தாய்மார்கள் ஏராளம். வண்டி வருமுன்னரே நீர் பிடித்து, உலை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்துவிட்டே புறப்படுகிறார்கள். அங்கே பெரும்பாலும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. கை சளைத்தால் கூலி குறையும். மாலையில் மீண்டும் அடுப்பங்கரை. ஆலைக்குச் செல்லாத தாய்க்கோ வண்டி வருவதில்லை, வேலையும் முடிவதில்லை. இவள் ஒருநாள் சினந்து பேசினால், பொறுமையற்றவள் என்று பட்டம் சூட்டிவிடுகிறோம்.

அது பொறுமையின் குறைவன்று. உடலும் உள்ளமும் அயர்ந்த நிலை. 2024-இல் நடுவணரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களை அதிலே கழிக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்களை. (அந்த 88 நிமிடங்களேனும் நம் இல்லங்களில் உண்டா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!)

மார்க்கம் தாயின் களைப்பைக் கணக்கில் விட்டதில்லை. பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிப்பதைத் தந்தையின் பொறுப்பாக்குகிறது திருமறையின் அல்பகரா அத்தியாயம். தமக்கோ குழந்தைக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் ரமலான் நோன்பைப் பிற்படுத்திக்கொள்ளச் சலுகை உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்ட எண்ணி நிற்கையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் வருந்துமே என்று சுருக்கிக்கொள்வார்கள்.

திரிகை அரைத்துக் கை நொந்த ஃபாத்திமா (ரலி) அவர்கள் பணியாள் கேட்டதும், நபியவர்கள் தஸ்பீஹ் கற்றுக்கொடுத்ததும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. பெண்கள் வாய்மூடிச் சுமக்கவேண்டும் என்பதற்கே அதை எடுத்தாளுகிறார்கள். நபியவர்கள் அம்முறையீட்டைக் கடிந்துகொள்ளவில்லை, இரவென்றும் பாராமல் மகளின் இல்லம் தேடி வந்தார்கள் என்பதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரமானதும் புறப்படுவார்கள் என்று விடை கூறினார்கள். தாடியையும் மிஸ்வாக்கையும் ஸுன்னத்தென்று பேணும் நமக்கு இந்த ஸுன்னத் மட்டும் எப்படி மறந்துபோயிற்று?

இன்று ஜுமுஆ முடிந்து வீடு திரும்பும் சகோதரர்கள் தாம் உண்ட தட்டைத் தாமே கழுவி வைக்கட்டும். மாலைவரை பிள்ளைகளைத் தம் பொறுப்பில் ஏற்று, அவளை உறங்க விடட்டும். கத்தீபுமார்களும் பெண்களுக்குப் பொறுமையைப் போதிக்குமுன் ஆண்களுக்கு இதைச் சொல்லட்டும். உறக்கமின்றி, காரணமின்றி அழுது நாட்களைக் கழிக்கும் தாய்க்கு ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அரசின் இலவச மனநலத் தொலைபேசி எண் 14416; இரவிலும் பேசலாம்.