பாட்டு பிறந்த தெருவை இடித்து ஓர் இசையரங்கம்

நியூயார்க் நகர மையத்தின் லிங்கன் சென்டரைப் புகழ்கிறவர்கள் சான் வான் ஹில் பற்றி ஏனோ பேசுவதில்லை. கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழ்ந்த பகுதி அது. ஜாஸ் கலைஞர் தெலோனியஸ் மங்க் வளர்ந்த இடம். ராபர்ட் மோசஸ் தலைமையிலான குழுவின் பெயரே ‘சேரி ஒழிப்புக் குழு’தான் (நமக்குப் பழகிய சொல்!). 7,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1959இல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் மண்வெட்டி பிடித்துப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962இல் பில்ஹார்மோனிக் அரங்கம் திறக்கப்பட்டது.

அந்தத் தெருக்களில் ஏற்கெனவே இருந்த இசை திட்டம் போட்டவர்களின் காதில் இசையாகவே விழவில்லை. கானாவுக்குக் கதவைச் சாத்திய சபாக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாததா?

2022இல் 55 கோடி டாலர் செலவில் அரங்கைப் புதுப்பித்தபோது, சான் வான் ஹில் பற்றிய இசைப் படைப்பையே அங்கு அரங்கேற்றினார்கள். நல்லதுதான். ஆனால் போன வீடு பாட்டில் திரும்புமா?

என் கோரிக்கை எளிது. எந்த ஊரிலும் நகர மையத்தில் அரங்கம் கட்டுவதென்றால், அங்கே குடியிருப்போர் பட்டியலை முதலில் வெளியிடுங்கள். அதே வட்டாரத்தில் அவர்களுக்கு வீடு கட்டிச் சாவியைக் கொடுங்கள். மேடையை அப்புறம் போடலாம்.