வேட்டைக்குக் கட்டணம், வேலைக்கு எதற்கு?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறும் நேரத்தில், தமிழோடு ஒடியாவும் இந்தியும் வங்கமும் கேட்கின்றன. தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த கிராமங்களில் இது ஒரு மனக்குறையாகவே வளர்ந்துள்ளது. தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் தமிழர்களுக்கே என்று சட்டம் இயற்றப்படும் என 2021 தேர்தல் அறிக்கையில் திமுக வாக்குறுதி அளித்தது. அந்தக் கோரிக்கை அவ்வப்போது மீண்டும் எழுகிறது.

வெளிமாநிலத்தவரை ஒரு மாநிலம் எந்த அளவுக்கு வேறுபடுத்தலாம்? இக்கேள்வியை அமெரிக்க நீதிமன்றங்கள் நெடுங்காலமாக எதிர்கொண்டு வருகின்றன. 1976-இல் மான்டானா மாநிலவாசி எல்க் மானை வேட்டையாட 9 டாலர் செலுத்தினால் போதும். வெளிமாநிலத்தவரோ 225 டாலருக்குக் கூட்டு உரிமம் பெற்றாக வேண்டும். வேட்டை வெறும் பொழுதுபோக்கு என்பதால் இந்த வேறுபாடு செல்லும் என்று 1978-இல் உச்சநீதிமன்றம் கூறியது. ஆனால், இறால் படகுகளுக்கு உள்ளூர்வாசிகளிடம் 25 டாலரும் வெளிமாநிலத்தவரிடம் 2,500 டாலரும் தெற்கு கரோலினா வசூலித்ததை அதே நீதிமன்றம் 1948-இலேயே ஏற்க மறுத்துவிட்டது. காரணம், அது பிழைப்பு.

நம் நாட்டில் இன்று வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லை. ஆனால், பொழுதுபோக்குக்கும் பிழைப்புக்கும் இடையிலான அந்தக் கோடு நமக்கும் பொருந்தும். நாட்டின் எப்பகுதியிலும் குடியேறவும் தொழில் செய்யவும் அரசமைப்பின் 19-ஆவது பிரிவு உரிமை தருகிறது. அரசுப் பணிக்குக்கூட வசிப்பிட நிபந்தனை விதிக்கும் அதிகாரம் 16(3)-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கே உண்டு. மாதம் ரூ.30,000 வரையிலான தனியார் பணிகளில் 75 சதவீதத்தை உள்ளூர்வாசிகளுக்கு ஒதுக்கிய ஹரியாணா சட்டத்தை, பஞ்சாப்-ஹரியாணா உயர்நீதிமன்றம் 2023 நவம்பர் 17-இல் ரத்து செய்தது. இத்தகைய மசோதாவுக்கு 2024 ஜூலையில் ஒப்புதல் அளித்த கர்நாடக அமைச்சரவை, எதிர்ப்பு எழுந்ததும் அதை நிறுத்தி வைத்தது.

அப்படியானால் உள்ளூர் இளைஞரின் குறை பொய்யா? இல்லை. அதன் காரணம்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஒப்பந்ததாரர் மூலம் வருபவர் ஆலை அருகிலேயே தங்குகிறார். கூடுதல் நேரத்துக்கு மறுப்பதில்லை. சங்கம் சேரத் தயங்குகிறார். அவர் விரும்பப்படுவது அவருடைய மாநிலத்துக்காக அல்ல, அவருடைய பலவீனத்துக்காக.

இதை 1979-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் உணர்ந்திருந்தது. ஆள் எடுக்கும் மாநிலம், வேலை தரும் மாநிலம் இரண்டிலும் ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டும்; ஒரே வகை வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்கு இணையான கூலி தர வேண்டும்; மாத ஊதியத்தில் பாதிக்குக் குறையாத இடப்பெயர்வுப் படியும் தர வேண்டும். அதாவது, வெளிமாநிலத்தவரை அழைத்து வருவதற்கான கட்டணத்தை முதலாளி தரப்பு செலுத்தியது. அது தொழிலாளியின் கைக்குப் போனது. சட்டம் ஏட்டளவில் நின்றது வேறு விஷயம்.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தாமாக வந்து வேலை தேடிக்கொண்டவர்களையும் புலம்பெயர் தொழிலாளர்களாக ஏற்றுள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆனால், இடப்பெயர்வுப் படி அதில் இல்லை. ஐந்து பேர் இருந்தாலே பொருந்திய பாதுகாப்பு, இனி பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனங்களுக்கே என்றாகிவிட்டது.

தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் உள்ளது. நீதிமன்றத்தில் நிற்காத ஒதுக்கீட்டை முன்வைப்பதைவிட, இடப்பெயர்வுப் படியை மாநிலத் திருத்தத்தின் மூலம் மீட்கவும், ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூலியை முறையாகக் கண்காணிக்கவும் தமிழக அரசு முன்வரலாம். ஒடிசா இளைஞரை மலிவாக வேலை வாங்க முடியாத நிலை வந்தால், சுங்குவார்சத்திரத்து இளைஞரை ஆலை வாசலில் திருப்பி அனுப்பக் காரணம் இருக்காது. இருவரின் நலனும் ஒன்றே என்பதை ஆட்சியாளர்கள் உணர வேண்டும்.