மின்னூல் வாசிப்பானுக்கு உறை வாங்கும் முன்…



மின்னூல் வாசிப்பான் வாங்குவதற்கு நிதி திரட்டும் நாம், அதற்கு ஓர் உறையும் வாங்க வேண்டும் என்பதைக் கடைசியாகத்தான் நினைக்கிறோம். பல வேளைகளில் நினைப்பதே இல்லை. "கருவி முதலில் வரட்டும், உறையைப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்பது பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் நான் கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. இதில் எனக்கு உடன்பாடில்லை. உறை இல்லாத கருவி எங்கே போகும் தெரியுமா? நூல்வள மையத்தின் இரும்பு அலமாரிக்குள் போகும். அலமாரி பூட்டப்படும். சாவி பொறுப்பாசிரியரின் மேசை இழுப்பறையில் உறங்கும். கல்வி அதிகாரிகள் வருகை புரியும் நாளில் மட்டும் கருவிகள் வெளியே வந்து வரிசையாக அமர்ந்துவிட்டு மீண்டும் உள்ளே போகும். பொறுப்பாசிரியரைக் குறைகூற இயலாது. உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தாமே!

ஆகவே, உறையை அந்தக் கருவி மாணவனின் வீட்டிற்குச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு என்றே கருதுகிறேன்.

வீடு என்றால் எத்தகைய வீடு, வழி என்றால் எத்தகைய வழி என்பதையும் சொல்லியாக வேண்டும். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா (2007-இல் பெயர் மாறிவிட்ட போதிலும் பெரியவர்களுக்கு அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) எனப் பரந்து கிடக்கும் செம்பனைக் காடுகளைக் கடந்துதான் எங்கள் கோலசிலாங்கூர் வட்டாரப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வருகின்றனர். நம்மவர் பலர் தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் மோட்டார் சைக்கிள் முன்கூடையில் புத்தகப்பை. அல்லது பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வரும் பள்ளி வேன். செம்மண் சாலைக் குழிகள். பிற்பகலில் சொல்லிவைத்தாற்போல் இறங்கும் மழை. உறையைத் தேர்ந்தெடுப்பவர் இந்தக் காட்சியை ஒருமுறை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளல் வேண்டும்.

"நூலகம் இருக்கும்போது வாசிப்பான் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரும் உளர். நியாயமான கேள்விதான். ஆனால் நல்ல தமிழ்ச் சிறுவர் நூல் வேண்டுமென்றால் நாம் கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டியிருக்கிறது. வாங்கி வைத்த நூல்களையும் ஈரக்காற்றும் கரையானும் விட்டுவைப்பதில்லை. மறுபுறம், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தொட்டு, ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் வரை விலையின்றிக் கிடைக்கும் தமிழ் மின்னூல்கள் ஏராளம். இத்தளம் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனிப் பிடிஎஃப் வடிவமும் தருகிறது. 2007-இல் அறிமுகமான கிண்டில், தமிழ் நூல்களுக்கு முறையாக இடம் தந்தது 2016-இன் இறுதியில்தான். காலம் தாழ்த்தியேனும் கதவு திறந்தது. நீலாம் வாசிப்புப் பதிவேட்டில் எழுதுவதற்கு நூலே கிடைக்காத பிள்ளைக்கு இது சிறிய செய்தியன்று. விளையாட்டோ காணொளியோ பிள்ளையை இழுக்காத கருவி என்பது பெற்றோருக்கும் ஆறுதல்.

இரவல் வாங்கிய பொருளுக்கு உறை போடுவது நமக்குப் புதிதா, என்ன? பாடநூல் இரவல் திட்டம் 1975-இல் தொடங்கியது. அன்று முதல் ஆண்டுத் தொடக்கத்தில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளும் கத்தரிக்கோலும் ஒட்டுநாடாவுமாகக் கூடத்தில் அமர்ந்து உறை போடாத தாய்மார் நம்மிடையே மிகச் சிலரே. அந்த நூல் அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளையின் கைக்குப் போக வேண்டியது என்பதை அவர்கள் அறிவார்கள். இன்னும் பின்னோக்கிப் போனால், ஓலைச் சுவடிக்கு மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டினார்கள் நம் முன்னோர். மின்கருவிகளை இரவல் தருவதும் நம் நாட்டில் நடந்ததுதான். 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட 'செர்டிக்' திட்டம், 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களை இலக்காகக் கொண்டிருந்தது.

சரி, எத்தகைய உறை?

முதலில் திரையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். வாசிப்பானின் திரை பார்வைக்குக் காகிதம் போலவும் தொடுவதற்குப் பிளாஸ்டிக் போலவும் இருக்கும். பெரும்பாலான வாசிப்பான்களில் அதற்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்று உள்ளது. வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே அது விரிசல் விடக்கூடும். அப்போது திரையின் ஒரு பகுதி கோடுகோடாக உறைந்து நின்றுவிடும். எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் மாறாது. விழுந்தால்தான் உடையும் என்பதில்லை. ஓரிடத்தில் அழுத்தம் விழுந்தாலே போதும்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், துணிப்பையில் போட்டுத் தரப்பட்ட வாசிப்பானை வீட்டிற்குக் கொண்டு சென்றான். மறுநாள் திரையின் பாதி செயலிழந்திருந்தது. "நான் கீழே போடவே இல்லை" என்று அழுதான். யாரும் நம்பவில்லை. அவன் சொன்னது உண்மையே. பைக்குள் தண்ணீர்ப் போத்தலும் கருவியும் அருகருகே இருந்தன. வேனில் அந்தப் பையின்மேல் வேறு பைகள் இருந்தன. அவன் தந்தை அன்றைய வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்து, மாதம் இருபது ரிங்கிட்டாகக் கட்டிவிடுவதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு அவருடைய மகளின் முறை வந்தபோது, "எங்கள் பிள்ளைக்கு வேண்டாம், டீச்சர்" என்று அந்த அம்மா கைகூப்பிவிட்டார். அந்தப் பெண்பிள்ளை நன்றாக வாசிப்பவள். பத்து ரிங்கிட் துணிப்பை செய்த வேலை இது!

ஆகையால் திரையை மூடும் முன்பக்கம் கெட்டியாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் நடுவில் அழுத்திப் பாருங்கள். வளைந்து உள்ளே போனால் வாங்காதீர்கள். பின்புறத்தை மட்டும் கவ்வும் சிலிக்கோன் உறைகள் விழும்போது ஓரளவு காப்பாற்றும். பைக்குள் ஒன்றுக்கும் உதவா. நான்கு மூலைகளும் மூடப்பட்டிருக்க வேண்டும். உறையின் விளிம்பு திரையைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். குப்புற விழுந்தாலும் தரையில் படுவது விளிம்பாக இருக்கும்.

கருவியை உறை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதும் முக்கியம். 2010-இல் வந்த மூன்றாம் தலைமுறைக் கிண்டிலுக்கென அமேசான் விற்ற விளக்கில்லாத உறையில் இரண்டு உலோகக் கொக்கிகள் இருந்தன. அவை கருவியின் பக்கவாட்டுத் துளைகளில் மாட்டிக்கொள்ளும். அந்த உறையைப் போட்ட சிலரின் கருவிகள் தாமாகவே அணைந்து அணைந்து மீண்டும் தொடங்கின. அந்நிறுவனம் உறையின் விலையைத் திருப்பித் தந்தது. காப்பதற்கென்று வாங்கிய உறையே தொல்லையானது! மூலைகளில் இழுபட்டை மாட்டும் உறைகளும் எனக்குப் பிடிப்பதில்லை. நம் வெப்பத்தில் பட்டை தளர்ந்துவிடுகிறது. கருவியின் வடிவிலேயே வார்க்கப்பட்ட கூட்டுக்குள் 'டக்' என்று அமரும் உறையே நல்லது.

அதற்கு அளவு சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 'பேப்பர்வைட்' என்ற ஒரே பெயரில் 2018-இல் வந்தது ஆறு அங்குலம்; 2021-இல் வந்தது 6.8 அங்குலம்; 2024-இல் வந்தது ஏழு அங்குலம். ஒன்றின் உறை மற்றொன்றுக்குப் பொருந்தாது. பெயரை மட்டும் சொல்லி இணையக் கடையில் வாங்காமல், எந்த ஆண்டுக் கருவி, எத்தனையாம் தலைமுறை என்பதைக் கருவியின் அமைப்புப் பகுதியில் பார்த்துக் குறித்துக்கொண்டு வாங்குங்கள்.

மூடும் முறைக்கு வருவோம். காந்தத்தால் மூடும் உறைகளில் ஒரு வசதி உண்டு: மூடியதும் கருவி உறங்கிவிடும், மின்கலம் மிஞ்சும். ஆனால் காந்தம் மட்டும் இருந்தால் போதாது. பைக்குள் குலுங்கும்போது மூடி விலகி, பென்சில் உள்ளே நுழைந்துவிடும். காந்தத்தோடு ஒரு பட்டையும் இருக்கட்டும். செயற்கைத் தோல் உறைகள் கடையில் அழகாகத்தான் இருக்கின்றன. நம் ஈரப்பதத்தில் ஓரிரண்டு ஆண்டுகளில் செதில் செதிலாக உரிகின்றன. முரட்டுத் துணி ஒட்டியதோ வெறும் பிளாஸ்டிக்கோ மேல். கனத்தையும் மறந்துவிடாதீர்கள். 2018 பேப்பர்வைட்டின் எடை 182 கிராம். கருவிக்கு நிகரான எடையுள்ள உறையைப் போட்டு எட்டு வயதுக் குழந்தையிடம் கொடுத்தால், அது மடியில் வைத்துக் குனிந்துதான் வாசிக்கும்.

மழை நீருக்கு உறை காவலன்று. 2018 முதல் வந்த பேப்பர்வைட்டுகள் இரண்டு மீட்டர் ஆழ நன்னீரில் ஒரு மணி நேரம் தாங்கும் என்பது நிறுவனத்தார் தரும் அளவு. 2022-இல் வந்த சாதாரணக் கிண்டிலுக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை. எதுவாயினும், உறையோடு சேர்த்து இழுத்து மூடும் பிளாஸ்டிக் பை ஒன்றையும் கொடுத்துவிடுங்கள். நனைந்துவிட்டால் உறையைக் கழற்றி, கருவியையும் உறையையும் தனித்தனியே உலர்த்த வேண்டும். உலரும்வரை மின்னேற்றக் கூடாது. இதைப் பிள்ளையிடம் மட்டுமின்றிப் பெற்றோரிடமும் சொல்லுங்கள். இன்னொன்று, கடவுச்சொல். ஆசிரியரின் கணக்கும் வங்கி அட்டையும் இணைந்த கருவியை மாணவரிடம் தருவது எந்த உறையாலும் காக்க முடியாத அபாயம். பள்ளிக்கென்று தனிக்கணக்கு இருக்கட்டும். அட்டை இணைப்பு வேண்டாம்.

"உறையைப் போட்டுவிட்டால் பிள்ளைகளுக்குப் பொறுப்புணர்ச்சி எப்படி வரும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பாடநூலுக்கு உறை போட்டுத்தானே நாமெல்லாம் நூலைப் பேணக் கற்றோம்? பொறுப்புணர்ச்சி என்ற பெயரில், உடைந்தால் முழு விலையையும் பெற்றோரே ஈடுசெய்ய வேண்டும் என்ற படிவத்தில் கையொப்பம் வாங்குவதை நான் எதிர்க்கிறேன். வசதியுள்ள பெற்றோர் கையொப்பமிட்டு வாங்கிச் செல்வர். நாள் சம்பளக் குடும்பங்கள் ஒதுங்கிவிடும். யாருக்காகக் கருவி வாங்கினோமோ அவர்களை விரட்டும் படிவம் நமக்கு எதற்கு?

பத்துக் கருவிகளுக்குப் பணம் சேர்ந்திருந்தால் ஒன்பது வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒன்பது நல்ல உறைகளை வாங்கிவிட்டு, எஞ்சியதைப் பழுதுபார்க்க எடுத்து வையுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை முன்மொழிய இருக்கிறேன். எதிர்ப்பு வரும் என்றும் அறிவேன். நிறத்தைப் பற்றிக் கேட்டால், மஞ்சளோ ஆரஞ்சோ வாங்கச் சொல்வேன். கறுப்பு உறை செம்பனை நிழலில் விழுந்துவிட்டால் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.