பழைய கேமுக்குப் புது மெஷின் கேட்கிறார்கள்

போன மாதம் எங்கட கூட்டத்தில் ஒருத்தன், தான் பள்ளிக்கூடக் காலத்தில் விளையாடின கேம் ஒன்றின் ரீமாஸ்டரை வாங்கினான். கேமின்ட பேர் இங்க வேண்டாம். வாங்கின அன்றிரவே எங்களைக் கூப்பிட்டான். ஒரு அறை, ஒரு ஃபான், நாலு பேர். கேமைத் திறந்தவுடன், ஷேடர்கள் தயாராகின்றன என்று ஒரு பட்டை வந்தது. பிளேன்ரீ குடித்து முடிஞ்சுது, பட்டை முப்பது வீதத்தில் நிற்குது. கடைக்குப் போய் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தம், அறுபது. ஒரு மணித்தியாலத்துக்கு மேலே போய்த்தான் கதாநாயகன் எழும்பி நடந்தான். கதவைத் திறந்தவுடன் படம் உறைந்தது, பிறகு கிராஷ். திரும்பத் திறந்து, செட்டிங் எல்லாவற்றையும் குறைத்து, இன்னும் இரண்டு கிராஷ் பார்த்து, சரி காசைத் திருப்பிக் கேட்பம் என்று போனால் இரண்டு மணித்தியால எல்லை தாண்டிவிட்டது. பட்டை ஓடின நேரமும் விளையாடின நேரம் என்ற கணக்குக்குள்ளே போயிட்டுது.

எங்களில் கொன்சோல் வைத்திருக்கிறவன் சிரித்தான். "உன்ட மெஷின் பழசு மச்சான். ஒண்டில் கார்ட்டை மாத்து, இல்லையெண்டால் கொன்சோல் ஒண்டு வாங்கு. அங்க போட்டால் ஓடும்."

இந்தப் பதிலோடுதான் எங்களுக்குச் சண்டை. அவனோடு இல்லை, அவன் நல்ல பெடியன். ஆனால் இதே பதிலைத்தான் கேம் கம்பனிகளும் வேறு வேறு வார்த்தையில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

முதலில் மெஷின் கதையைப் பார்ப்பம். 2006இல் ஒப்லிவியன் வந்தபோது அது கேட்ட ஆகக்குறைந்த ராம் 512 எம்பி. 2025 ஏப்ரலில் வந்த ரீமாஸ்டர் கேட்பது 16 ஜிபி. அதுவும் ஆகக்குறைந்தது, நல்லா ஓட 32 ஜிபி வேணுமாம். முதலாவது 4.6 ஜிபி இடத்துக்குள் அடங்கியது, ரீமாஸ்டருக்கு 125 ஜிபி. சான் அன்ட்ரியாஸ் 2005இல் பிசிக்கு வந்தபோது 256 எம்பி ராம் காணும் என்றார்கள். 2021இன் டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு 8 ஜிபி. கணக்குப் பார்த்தால் இரண்டிலும் சரியாக 32 மடங்கு. கதை அதே கதை, மிஷன் அதே மிஷன்.

படம் வடிவாக இருக்கே, அதுக்கு விலை இல்லையோ என்று கேட்கலாம். ஒப்லிவியனில் அது ஓரளவு நியாயம், காட்டையும் கல்லையும் முகத்தையும் உண்மையாகவே திரும்பச் செய்திருக்கிறார்கள். ஆனால் எப்பிடிச் செய்தார்கள் என்று பாருங்கோ. கேமின் கணக்கு வழக்கெல்லாம் 2006இன் பழைய எஞ்சினிலேயே ஓடுகிறது, படம் வரைகிற வேலை மட்டும் அன்ரியல் எஞ்சின் 5க்கு. இரண்டு எஞ்சினை ஒரே நேரத்தில் இழுக்க வேண்டிய பாரம் எங்கட மெஷினில். பலன் என்னவென்றால், விலை கூடின கார்ட் போட்டவர்களுக்கும் வெளியில் நடக்கும்போது படம் இடறியது. "கார்ட்டை மாத்து" என்ற புத்திமதி இங்கேயே விழுந்துபோகிறது. பிளேஸ்டேஷன் 5இலும் எக்ஸ்பொக்ஸிலும் கூட வெளியில் போனால் இடறல் இருந்தது.

அப்ப கொன்சோலுக்கும் பிசிக்கும் வித்தியாசமே இல்லையோ? இருக்கு. அதை ஒளிக்கத் தேவையில்லை. ஷேடர் என்பது ஒளி எப்படி விழுகிறது, தண்ணி எப்படி மினுங்குகிறது என்று கிராஃபிக்ஸ் சிப்புக்குச் சொல்லுகிற குட்டி நிரல். ஒவ்வொரு சிப்பும் அதைத் தன் மொழிக்கு மாற்றித்தான் ஓட்டும். கொன்சோலில் எல்லார் வீட்டிலும் ஒரே சிப் என்பதால் கம்பனியே முன்கூட்டி மாற்றி, கேமோடு சேர்த்துத் தந்துவிடும். பிசியில் ஆளுக்கொரு கார்ட், ஆளுக்கொரு டிரைவர். ஆகவே அந்த வேலை எங்கட வீட்டில், எங்கட கரண்டில் நடக்கிறது. தொடக்கத்திலேயே நடந்தால் எங்கட நண்பன் பார்த்த பட்டை. விளையாடும்போது நடந்தால் புது மூலை திரும்புகிற ஒவ்வொரு முறையும் ஒரு இடறல். டிரைவரைப் புதுப்பித்தால் பலதும் திரும்ப முதலில் இருந்து.

இது இயற்கை விதி ஒன்றும் இல்லை. ஸ்டீம் டெக் உள்ளே பார்த்தால் ஒரு பிசிதான். அதில் எல்லாருக்கும் ஒரே சிப் என்பதால் வால்வ் கம்பனி பல கேம்களுக்கு ஷேடர்களை முன்கூட்டித் தயாரித்து அனுப்புகிறது. மற்ற பிசிகளுக்கு இவ்வளவு வசதி கிடையாது, ஆனால் நேரம் செலவழித்துச் சோதித்தால் பெரும்பகுதி இடறலைக் குறைக்கலாம். அந்த நேரத்தைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். 2023 மார்ச்சில் த லாஸ்ட் ஒஃப் அஸ் பகுதி 1 பிசிக்கு வந்தபோது ஷேடர் பட்டையும் கிராஷும்தான் பேச்சு. பிறகு திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்து கேம் நிமிர்ந்தது. நிமிர்த்த முடியுமென்றால் ஏன் விற்க முதல் நிமிர்த்தவில்லை?

இனி நண்பன் சொன்ன கொன்சோல். அங்க போட்டால் ஓடும் என்பது பாதி உண்மை. 2012இல் சைலண்ட் ஹில் எச்டி கலெக்ஷன் கொன்சோலுக்கு மட்டும்தான் வந்தது. கொனாமியிடம் முடிந்த கேமின் முழு மூல நிரலே இருக்கவில்லை, கையில் கிடைத்த முழுமையில்லாத நிரலில் இருந்துதான் கட்டினார்கள். புகைமூட்டம் கலைந்து, சத்தம் பிசகி, பயம் காட்ட வேண்டிய கேம் சிரிப்புக் காட்டியது. பிளேஸ்டேஷனுக்கு ஒரு திருத்தம் வந்தது. எக்ஸ்பொக்ஸ் 360க்கு வரவேண்டிய திருத்தத்தைக் கைவிட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. பெட்டி பூட்டின பெட்டி, உள்ளே கை வைக்க ஒருத்தராலும் முடியாது.

அதே 2012இல் டார்க் சோல்ஸ் பிசிக்கு வந்தது, மோசமான போர்ட். எவ்வளவு பெரிய திரை வைத்திருந்தாலும் உள்ளே 1024க்கு 720 என்ற அளவில்தான் வரையும். ஆனால் ஒரு ரசிகர் டிஎஸ்ஃபிக்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பை எழுதி, வந்த உடனேயே அந்தப் பூட்டை உடைத்தார், இலவசமாக. நாங்கள் பிசி பக்கம் நிற்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. கம்பனி கைவிட்டாலும் ஆரோ ஒருத்தர் திருத்தலாம். அதுக்காக, ரசிகர் திருத்துவார்தானே என்று உடைந்த சாமானை விற்கிற உரிமை கம்பனிக்குக் கிடையாது.

கொன்சோல் வாங்கு என்கிறவர்களுக்கு இன்னொன்று. பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் கணக்குத் திறக்கப் போனால் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. இங்க கனபேர் வேறொரு நாட்டு முகவரியைப் போட்டுத்தான் விளையாடுகினம். எங்கட நாட்டை ஒரு சந்தையாகவே எண்ணாத கடைக்கு, "அங்க போ" என்று எங்களை அனுப்புகிறார்கள். ஒப்லிவியன் ரீமாஸ்டரின் அமெரிக்க விலை 50 டொலர், எங்கட காசில் கிட்டத்தட்ட 15,000 ரூபா. அது வந்த மாதம் இந்த நாட்டில் சட்டம் சொன்ன ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000. இதுக்கு மேலே கார்ட்டும் மாத்து, கொன்சோலும் வாங்கு என்றால் என்ன கதை இது?

சரி, வசதி இல்லாவிட்டால் பழசையே விளையாடு, ஆர் தடுத்தது? உண்மையில் தடுத்தார்கள். எங்களுக்கு ஆகக் கோபம் வருகிற இடம் இதுதான். 2021 ஒக்டோபரில், டெஃபினிட்டிவ் எடிஷன் வருவதற்கு ஒரு மாதம் முன்னமே, ரொக்ஸ்டார் பழைய மூன்று ஜிடிஏ கேம்களையும் டிஜிட்டல் கடைகளில் இருந்து இறக்கியது. நவம்பர் 11 புதுசு வந்தது. மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடு, ஒன்றும் தெரியாது. கடைப் பலகைகளில் எழுத்துப்பிழை. பிசியில் வாங்கினவர்களுக்கு மழையைப் பார்க்கிற பாக்கியமும் கிடைக்கவில்லை, வந்த கையோடு கேமையே மூன்று நாளைக்கு இறக்கி வைத்துவிட்டார்கள். ஒரு கிழமை கழித்து மன்னிப்புக் கேட்டு, பழைய பிசி பதிப்புகளைத் தங்கட கடையில் திரும்ப வைப்பதாகச் சொன்னார்கள். சத்தம் போட்டதால் வந்தது அது, சும்மா வரவில்லை.

வோர்கிராஃப்ட் 3 இதைவிட மோசம். 2020இல் ரீஃபோர்ஜ்ட் வந்தபோது, அதை வாங்காதவர்களின் பழைய கேமையும் புதுசு விழுங்கியது. 2002இல் வந்த கேமைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்கள் இணையத்தில் விளையாட வேண்டுமென்றால் புதுப் பொதியை இறக்கத்தான் வேண்டும். முன்பு இருந்த தரவரிசை ஆட்டம் வந்தபோது அதில் இருக்கவில்லை. மெதுவான இணைப்பும் பழைய மெஷினும் வைத்திருந்தவனுக்கு ஒரே நாளில் சொந்தக் கேம் அந்நியமாகிப் போனது.

இவ்வளவுக்கும் அதே பிளிசார்டுக்கு நல்லாச் செய்யவும் தெரியும். 2017இல் ஸ்டார்கிராஃப்டின் ரீமாஸ்டரை விற்க முதல் 1998இன் மூலக் கேமை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தது. ரீமாஸ்டருக்குள்ளும் எஃப்5 விசையை அமத்தினால் பழைய படம், திரும்ப அமத்தினால் புதுசு. 2024இல் வந்த டூம் ரெய்டர் முதல் மூன்று பாகங்களும் அப்பிடியே, ஒரு பட்டனில் இரண்டு காலமும். 2021இல் குவேக்கைப் புதுப்பித்தபோது பழசை வாங்கியிருந்தவர்களுக்குப் புதுசு இலவசம். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷனில் பாரமான படப் பொதி தனியாக, விருப்பமானவர் மட்டும் இறக்கலாம். ஆக, முடியாத காரியத்தை நாங்கள் கேட்கவில்லை. புதுசு விற்கட்டும், பழசை அலுமாரியில் இருந்து எடுக்காமல் விற்கட்டும். ஷேடர் பட்டை ஓடுகிற நேரத்தை விளையாடின நேரமாக எண்ணாமல் விடட்டும். ஆகக்குறைந்த தேவை என்று எழுதினால், எந்த அளவுப் படத்தில், விநாடிக்கு எத்தனை பிரேம் என்றும் பக்கத்தில் எழுதட்டும்.

அதுவரைக்கும், ரீமாஸ்டர் எதையும் முன்பதிவு செய்யாதீங்கோ. வந்து இரண்டு கிழமை பொறுத்து, உங்கட கார்ட் வைத்திருக்கிற ஆராவது விளையாடுகிற வீடியோவைத் தேடிப் பாருங்கோ. வெளியில் நடக்கிற காட்சியைப் பாருங்கோ, குகைக்குள் எல்லாம் நல்லாத்தான் ஓடும். வாங்கினால் முதல் நாளே சோதித்து, சரிவராவிட்டால் பட்டை முடியும்வரை காத்திருக்காமல் காசைத் திருப்பிக் கேளுங்கோ. பழைய பதிப்பு இன்னும் விற்பனையில் இருந்தால், இறக்க முதல் அதை வாங்கி ஹார்ட்டிஸ்கில் ஒரு பிரதி போட்டு வையுங்கோ. எங்கட நண்பன் கடைசியில் அப்பிடித்தான் செய்தான். அவன்ட மெஷினில் பழசு ஒரு நிமிஷத்துக்குள் திறக்குது. நாலு பேரும் அதிலேயே விடிய ரெண்டு மணி வரைக்கும் இருந்தம், கொன்சோல்காரனும்தான்.