குதிரையா? தூண்டிலா?

குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவது ஒரு பொழுதுபோக்கு. குளத்தங்கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவதும் ஒரு பொழுதுபோக்கு. ஓய்வு நாளில் உழைப்பாளி ஒருவர் இரண்டில் எதை வேண்டுமானாலும் நாடலாம். ஆறு நாள் பாடுபட்டவருக்கு ஏழாம் நாள் கொஞ்சம் மகிழ்ச்சி வேண்டும். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கேள்வி உண்டு. அந்த மகிழ்ச்சிக்கு விலை என்ன? வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அந்த விலையைச் சொல்ல முடியுமா?

சொல்ல முடிந்தவர் பந்தயத்துக்கும் போகலாம். பத்திரமாக வீடு திரும்பலாம். சொல்ல முடியாதவர் போனால், குதிரை ஓடி முடிவதற்குள் குடும்பத்தின் பணம் ஓடிவிடும்.

கோர்ட்டு சொன்னது என்ன?

சென்னை கிண்டியில் 1777-ஆம் ஆண்டு முதல் குதிரைப் பந்தயம் நடந்ததாகச் சொல்வார்கள். பந்தயத்தால் பல குடும்பங்கள் அழிகின்றன என்று எதிர்ப்பு எழுந்தது. 1974-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1996 ஜனவரி 12-ந் தேதி தீர்ப்பு வெளியானது. குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைப் பொறுத்த விளையாட்டு, அது வெறும் சூதாட்டம் அல்ல என்று கோர்ட்டு கூறியது.

பிறகு, 2024-ஆம் ஆண்டு, குத்தகைத் தகராறு காரணமாகக் கிண்டி மைதானத்தின் சுமார் 160 ஏக்கர் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. ஊட்டி மைதானமும் அதே ஆண்டில் அரசின் கைக்கு வந்தது. ஆனால் மைதானம் போனால் ஆசை போய்விடுமா? பெங்களூரு, மைசூரு, ஐதராபாத், மும்பை, புனே, கொல்கத்தா என்று பந்தயத்துக்குப் பேர் போன ஊர்கள் பல உண்டு. ஆசை உள்ளவர் ரெயில் ஏறியும் போவார்.

"திறமை விளையாட்டு என்று கோர்ட்டே சொல்லிவிட்டதே! திறமையாகக் கட்டினால் பணம் வராதா?" என்று சிலர் கேட்பார்கள்.

திறமை உண்டு என்பது உண்மை. குதிரையின் பழைய ஓட்டங்களைப் பார்க்கலாம். ஓட்டும் ஜாக்கி யார் என்று பார்க்கலாம். அந்தத் தூரம் குதிரைக்குப் பழக்கமா, தரை ஈரமா, காய்ந்ததா என்றெல்லாம் கவனிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறவரை விட இப்படிப் பார்த்துக் கட்டுகிறவர் மேல். ஆனாலும் அவருக்கும் லாபம் வருவது அபூர்வம். ஏன்? கணக்கைப் பார்த்தால் தெரியும்.

ஆயிரம் ரூபாய் கரைகிற கதை

டோட் என்ற முறையில், கட்டுகிறவர்களின் பணம் எல்லாம் ஒரே இடத்தில் சேருகிறது. அதில் ஒரு பகுதி, பந்தயம் நடத்துகிறவர்களுக்கும் வரிக்கும் போகிறது. மீதிப் பணத்தை ஜெயித்தவர்கள் பங்கிட்டுக் கொள்கிறார்கள்.

உதாரணமாக, 100 பேர் ஆளுக்கு 10 ரூபாய் கட்டுவதாக வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 1,000 ரூபாய். அதில் 200 ரூபாய் பிடித்தம் போனால் மிச்சம் 800. ஜெயித்தவர் சிரிப்பார், தோற்றவர் அழுவார். ஆனால் 100 பேரையும் ஒரே குடும்பமாக நினைத்துப் பார்த்தால், அந்தக் குடும்பத்துக்கு 200 ரூபாய் நஷ்டம்.

அந்த 800 ரூபாயையும் அடுத்த பந்தயத்தில் கட்டினால் 640 ஆகும். அதற்கு அடுத்ததில் 512 ஆகும். இப்படியே 8 பந்தயம் முடிந்தால் மிஞ்சுவது சுமார் 168 ரூபாய். காலையில் 1,000, மாலையில் 168! யாரும் ஏமாற்றவில்லை. யாரும் திருடவில்லை. கணக்கு அப்படி.

இதற்கு மேல் வரிச் சுமையும் ஏறியிருக்கிறது. 2023 அக்டோபர் முதல், கட்டும் பணத்தின் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் சரக்கு-சேவை வரி என்று ஆயிற்று. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் அது 40 சதவீதம். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி வேறு. போன வாரம் தோற்றதைக் காட்டி, இந்த வரியைக் குறைக்கவும் முடியாது.

நல்ல குதிரைக்கு நல்ல சுமை

இன்னொரு விஷயமும் உண்டு. ஹேண்டிகேப் என்ற பந்தயங்களில் வேகமான குதிரைக்கு அதிக எடை ஏற்றுவார்கள். மெதுவான குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைகளும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதே நோக்கம். அதாவது, எது ஜெயிக்கும் என்று யாரும் எளிதில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு ஏற்பாடு நடக்கிறது!

எல்லோரும் ஜெயிக்கும் என்று நம்பும் குதிரைக்கு 'பேவரிட்' என்று பெயர். அதுவும் சுமார் மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் ஜெயிக்கிறது. ஜெயித்தாலும் பணம் கொஞ்சம்தான். பலர் பங்கு கேட்பார்கள் அல்லவா?

'டானாலா' என்ற முறையில் முதல் மூன்று குதிரைகளையும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். 10 குதிரைகள் ஓடினால் 720 வகையான முடிவுகள் வரலாம். அதில் ஒன்றே ஒன்றுதான் சரி. பெரிய பரிசு என்று ஆசைப்படும் முன் இந்த 720-ஐ நினைத்துக்கொள்வது நல்லது.

போகிறவருக்குச் சில விதிகள்

இவ்வளவுக்குப் பிறகும் பந்தயம் பார்க்க ஆசையா? போகலாம். குதிரைகள் பாய்ந்து வரும் காட்சி அழகானதுதான். ஆனால் சில விதிகள் வேண்டும்.

வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், மருந்து எல்லாவற்றுக்கும் எடுத்து வைத்த பிறகு மிஞ்சும் பணத்தில்தான் பந்தயம். எவ்வளவு தொகை என்பது வீட்டில் மனைவிக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் சண்டை வரும் என்று தோன்றினால், தொகை அதிகம் என்று அர்த்தம்.

அந்தத் தொகையைச் சினிமா டிக்கெட்டு வாங்கிய பணம் போல நினைக்க வேண்டும். சினிமா பார்த்துவிட்டு யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை.

எல்லாப் பந்தயத்திலும் கட்டக் கூடாது. இரண்டில் கட்டி, மற்றவற்றை வேடிக்கை பார்க்கலாம். கடன் வாங்கிக் கட்டக் கூடாது. லைசென்சு இல்லாதவரிடம் கட்டவே கூடாது.

விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாகக் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். 10, 20, 40, 80, 160, 320 என்று ஆறு தடவை தோற்றால் 630 ரூபாய் போயிற்று. ஏழாவது தடவைக்கு 640 ரூபாய் வேண்டும். இத்தனையும் ஒரு 10 ரூபாயில் ஆரம்பித்தது!

தூண்டிலின் கணக்கு

இப்போது தூண்டிலைப் பார்க்கலாம். தக்கை கட்டி மீன் பிடிப்பதிலும் எதிர்பார்ப்பு உண்டு. தக்கை மெல்ல அசையும்போது நெஞ்சு படபடக்கும். குதிரை திருப்பத்தில் வரும்போது உண்டாகும் அதே படபடப்பு! ஆனால் தோற்றால் போவது ஒரு மண்புழு.

இதிலும் செலவை அறிந்து செய்ய வேண்டும். முதலில் வேண்டியது நல்ல கோல். சிறு குளத்துக்கு 8 முதல் 10 அடி போதும். அகலமான ஏரிக்கரைக்கு 12 அடி வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நீண்டால் கை வலிக்கும்.

மூங்கில் வாங்கினால் முற்றியதாக, நேரானதாக, நிழலில் காய்ந்ததாகப் பார்க்க வேண்டும். அடி கெட்டியாகவும் நுனி மெல்லியதாகவும் இருக்க வேண்டும். அடியைப் பிடித்து ஒரு உதறு உதறினால் நுனி ஆடி விரைவில் நிற்க வேண்டும். நெடுநேரம் ஆடினால் அந்தக் கோல் வேண்டாம்.

கடையில் விற்கும் பைபர் கோல் சற்றுக் கனம். ஆனால் அடிபட்டாலும் தாங்கும். பிள்ளைகளுக்கு ஏற்றது. கார்பன் கோல் லேசானது, விலை அதிகம். அதில் மின்சாரம் பாயும். மின் கம்பிக்கு அருகே அதைத் தூக்கினால் உயிருக்கே ஆபத்து. ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் கோலானால், ஒவ்வொரு கணுவையும் இழுத்து இறுக்கமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தங்கூசி ஓடும் வளையங்களில் பஞ்சைத் தேய்த்துப் பார்க்கலாம். பஞ்சு சிக்கினால் தங்கூசியும் அறுபடும்.

விலை உயர்ந்த கோலுக்குத்தான் மீன் சிக்கும் என்பதில்லை. கெண்டையும் கெளுத்தியும் விலைச் சீட்டைப் படிப்பதில்லை. வீண் பெருமைக்குக் கோல் வாங்கினால் அதுவும் ஒரு சூதாட்டமே. ஊர்க் குளங்களைப் பெரும்பாலும் குத்தகைக்கு விடுவார்கள். ஆகவே, அனுமதி கேட்டுவிட்டுத்தான் தூண்டில் போட வேண்டும். பிள்ளைகளைக் கரையில் தனியே விடக் கூடாது.

எது மேல்?

கோலுக்குக் கொடுக்கும் விலை ஒரு தடவையோடு முடிகிறது. அடுத்த வாரம் அதே கோல் வேலை செய்யும். மகனும் மகளும் கூட வந்து உட்காரலாம். பந்தயமோ அப்படி அல்ல; அரை மணிக்கு ஒரு தடவை கை நீட்டிக் கேட்கிறது. கொடுத்தவரிடமே மறுபடியும் கேட்கிறது.

ஆகவே, இரண்டில் ஒன்று என்றால் குடும்பஸ்தருக்குத் தூண்டிலே மேல். பந்தயத்தை விட முடியாதவர், வீட்டில் வைத்த எல்லையை மைதானத்தில் தாண்டக் கூடாது. குதிரையையும் நம்பலாம், ஜாக்கியையும் நம்பலாம். ஆனால் வாடகைப் பணத்தை அவர்களிடம் ஒப்படைக்கக் கூடாது.