கோணல் சிரிப்புக்கு ஊசி போடலாமா?

சிரிக்கும்போது சிலருக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். ஒரு பக்க உதடு மேலே ஏறும். மறு பக்கம் அப்படியே நிற்கும். இதைக் கண்ணாடியில் பார்த்து வருந்துகிறவர்கள் பலர். போட்டோ எடுக்கும்போது வாயை இறுக மூடிக்கொள்கிறவர்களும் உண்டு.

"ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று அவர்களிடம் சொல்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

இது உண்மையா? பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொண்ட பிறகே கன்னத்தைக் காட்ட வேண்டும்.

விஷமே மருந்து

அந்த மருந்தின் பெயர் பொட்டுலினம். 'போட்டாக்ஸ்' என்ற வியாபாரப் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இது ஒரு கிருமி உண்டாக்கும் கொடிய விஷம்.

1895-ம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டில் ஒரு சாவுக்கு வாத்தியம் வாசிக்கப் போனவர்கள் பன்றி இறைச்சி சாப்பிட்டார்கள். பலர் நோயில் விழுந்தார்கள். 3 பேர் இறந்தார்கள். வான் எர்மெங்கம் என்ற விஞ்ஞானி அந்த இறைச்சியை ஆராய்ந்து, கிருமியைக் கண்டுபிடித்தார்.

பிற்காலத்தில் அதே விஷத்தை மிக மிகச் சிறிய அளவில் எடுத்து மருந்தாக்கினார்கள். ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் அதை மாறுகண்ணுக்குப் பயன்படுத்தினார். 1989-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

கனடாவில் வான்கூவர் நகரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் டாக்டர் ஒரு விந்தையைக் கவனித்தார். கண் இமைத் துடிப்புக்கு இந்த ஊசி போட்டால், புருவங்களுக்கு நடுவில் இருந்த சுருக்கமும் மறைந்தது! அவருடைய கணவர் அலஸ்டேர் தோல் டாக்டர். இருவரும் சேர்ந்து 1992-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். அழகுக்காக ஊசி போடும் வழக்கம் அப்படித்தான் பரவியது.

இரட்டை மாட்டு வண்டி

இந்த ஊசி சிரிப்பை என்ன செய்கிறது?

இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளலாம். ஒரு மாடு பலமாக இழுக்கிறது. மற்றது மெதுவாக இழுக்கிறது. வண்டி கோணலாகப் போகிறது. ஊசி மருந்து மெலிந்த மாட்டுக்குப் பலம் கொடுக்காது. பலமான மாட்டைத்தான் பிடித்து நிறுத்தும்.

முகத்திலும் இதே கதைதான். நரம்பு இடும் கட்டளை தசைக்குப் போகாமல் மருந்து தடுக்கிறது. அதிகமாக இழுக்கும் தசை தளர்கிறது. இரண்டு பக்கமும் சமமாகத் தெரிகிறது.

இந்தப் பலன் நிலையானது அல்ல. 3 அல்லது 4 மாதத்தில் தசை பழையபடி இழுக்கத் தொடங்கும். மறுபடியும் ஊசி, மறுபடியும் செலவு.

அளவு கூடினாலோ, இடம் தவறினாலோ வாய் மேலும் கோணலாகலாம். தண்ணீர் குடித்தால் ஒழுகலாம். பேச்சு குழறலாம். அதை உடனே மாற்ற முடியாது. மருந்தின் வேகம் தானாகக் குறையும் வரை பல வாரம் காத்திருக்க வேண்டும். முகூர்த்த நாளை நெருக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் ஊசி போடுவது அறிவீனம்.

காரணம் என்ன?

ஊசிக்கு முன்னால் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பல் வரிசையும் தாடையும் காரணமாக இருந்தால், பல் டாக்டரிடம் போக வேண்டும். பிறவியிலேயே ஒரு தசை குறைவாக இருக்கலாம். முக நரம்பு வாதம் வந்து போன பிறகு தசைகள் தாறுமாறாக இழுக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு இந்த ஊசி நல்ல சிகிச்சை. முகப் பயிற்சியும் உதவும்.

நேற்று வரை நேராக இருந்த வாய் இன்று திடீரென்று கோணினால்? அது அழகுப் பிரச்சினையே அல்ல. மூளை ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். கை தளர்ந்தால், பேச்சு குழறினால் ஆபத்து நிச்சயம் என்றே நினைத்து, 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

வெறும் முக நரம்பு வாதமாகவும் இருக்கலாம். அதற்கும் 3 நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்லது. பெரும்பாலோர் குணமடைகிறார்கள். எது என்று பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை. வீட்டில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

போலி ஊசி

2024-ல் அமெரிக்காவில் போலி மருந்தாலும், முறை தவறிப் போட்ட ஊசியாலும் 11 மாநிலங்களில் 22 பெண்கள் பாதிக்கப்பட்டதாக அந்த நாட்டுச் சுகாதாரத் துறை ஏப்ரல் மாதம் அறிவித்தது. 11 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உரிமம் இல்லாதவர்களிடமும், வீடுகளிலும், அழகு நிலையங்களிலும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

சட்டம் கடுமையாக உள்ள நாட்டிலேயே இந்தக் கதி! குறைந்த விலை என்று ஆசைப்படக் கூடாது. படித்துப் பட்டம் பெற்ற தோல் டாக்டரோ, பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரோ போட வேண்டும். மருந்துப் புட்டியைக் காட்டும்படி கேட்கலாம். அதில் வெட்கம் இல்லை. கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும், தசை பலவீன நோய் உள்ளவர்களும் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டார் கடமை

இரண்டு பக்கமும் அச்சு வார்த்தது போன்ற முகம் உலகில் யாருக்கும் இல்லை. கொஞ்சம் கோணல் எல்லோருக்கும் உண்டு.

ஆசைப்பட்டுச் சிகிச்சை செய்துகொள்வது தவறு அல்ல. அது அவரவர் விருப்பம். ஆனால், ஒரு பெண் சிரிக்கவே பயப்படுகிறாள் என்றால், அவளை அப்படி ஆக்கிய பேச்சு எது என்று வீட்டார் யோசிக்க வேண்டும். "கோணவாய்" என்று கேலி செய்தது யார்? பெண் பார்க்க வந்தவர்களா? கூடப் பிறந்தவர்களா?

கேலியை நிறுத்தப் பணம் வேண்டாம். ஊசியும் வேண்டாம். முதல் சிகிச்சை அங்கேதான் தொடங்க வேண்டும்.